கற்றல் விளைவு

மூன்று கட்டங்கள் அந்தப் படிவத்தில்.
செயல்பாடு என்ற கட்டத்தில்
தோட்டம் போடுதல் என்று எழுதிவிட்டேன்.
நோக்கம் என்ற கட்டத்தில்
இயற்கையை அறிதல் என்று
போன வருடத்தைப் பார்த்து எழுதினேன்.
மூன்றாவது கட்டம்
இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது,
ஜன்னலுக்கு வெளியே கவுஞ்சி இருப்பதுபோல.

பத்து மணிக்கு மேல்தான் மூட்டம் விலகும்.
அதுவரை வருகைப் பதிவு காதை வைத்துத்தான்.
லோகித்: உள்ளேன் டீச்சர்.
மோனிஷா: இருமல்.
சபரிவாசன் பதில் சொல்ல மாட்டான்.
அவன் கம்பளித் தொப்பியின் சிவப்பு
வேலிப்பக்கம் அசைந்தால்
வந்துவிட்டான் என்று பொருள்.

ஆறடிக்கு நாலடி மண்.
வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே
தலைமையாசிரியர் மனசில்லாமல் கொடுத்தது.
நான் வத்தலக்குண்டுக்காரி.
கத்தரி தெரியும், வெண்டை தெரியும்,
அதுவும் சந்தையில் வைத்து.
பூண்டுப் பல்லைத் தலைகீழாக நட்டேன்.
இருபத்தொரு பிள்ளைகளும்
என்னைப் பார்த்து அப்படியே நட்டார்கள்.

முட்டைக்கோசில் புழு வந்த அன்று
லோகித் முதுகில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டான்.
ஒரு கை பம்பு அடிக்க
ஒரு கை குச்சியை நீட்ட
வாயால் ஸ்ஸ்ஸ் என்று
வரிசை தவறாமல் மருந்தடித்து வந்தான்,
அவன் அப்பா நடக்கிற மாதிரியே
லேசாக இடப்பக்கம் சாய்ந்து.
"மூக்குல துணி கட்டலையாடா?"
"அப்பா கட்டாது டீச்சர்."

புழுவை விட்டுவைத்தோம்.
யார் எடுத்த முடிவு என்று தெரியவில்லை.
மோனிஷா அதனிடம் வாடகை கேட்டாள்,
இலைக்கு ஒரு ரூபாய்.
ஓட்டைகளை எண்ணினோம்.
இருபதுக்கு மேல் தெரியாதவர்கள்
இருபத்தெட்டு வரை போனார்கள்.
அதற்கு மேல் புழு தனியாகப் போனது.

புதன்கிழமை சபரியின் அம்மா பவுன்தாய் வந்தாள்,
கேரட் கழுவுகிற இடத்திலிருந்து நேராக,
முழங்கை வரை ஈரத்தோடு.
"மண்ணைக் கிண்ட வேணாம்னுதானே
ஒங்ககிட்ட அனுப்புறோம்.
நீங்களும் மண்ணுலயே ஒக்கார வச்சா?
அதுக்கு எங்கூடவே இருந்துட்டுப் போறான்."

பதில் இருந்தது என்னிடம்.
பயிற்சி முகாமில் கொடுத்த கையேட்டில்,
பதினேழாம் பக்கத்தில்.
அவள் நகக்கண்ணின் கறுப்பைப் பார்த்ததும்
அந்தப் பக்கம் மறந்துபோனது.

சபரி எதையும் கேட்கவில்லை.
குப்புறப் படுத்து,
உள்ளே போகிற மண்புழுவில்
எது வால் எது தலை என்று பார்த்துக்கொண்டிருந்தான்.
"சத்தம் போடாதம்மா. அது போவுது."

எத்தனை ஆயிரம் புழுக்களை
அவள் மண்வெட்டி இரண்டாக்கியிருக்கும்.
ஒன்று முழுசாக உள்ளே போய் முடிகிறவரை
நின்று பார்த்ததில்லை என்றாள்,
வேறு யாருக்கோ சொல்வதாக.

திரும்பும்போது பூண்டுப் பாத்தியைக் கிளறிப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
கோபம் போகாமலே சிரிப்பு வந்துவிட்டது.
"முளைக்காதா?" என்றேன்.
"முளைக்கும். கோணலா முளைக்கும்.
வழி தெரியாம சுத்திக்கிட்டு வரும்."
மூட்டை ஏற்றுகிற வண்டி வந்துவிடும் என்று
இறக்கத்தில் ஓடினாள்.

பிடுங்கித் திருப்பி நடலாமா என்று
பிள்ளைகளைக் கேட்டேன்.
கை தூக்கி வேண்டாம் என்றார்கள்.
எப்படிச் சுற்றி வருகிறது என்று பார்க்கணுமாம்.

அந்த வாரமே ஓரிரவு காட்டெருமை வந்து
கோசையும் புழுவையும் வேலியையும்
ஒருசேர முடித்துவிட்டுப் போனது.
வாடகை போச்சு என்று அழுதாள் மோனிஷா.
அழுது முடித்து,
குளம்படியில் தேங்கிய தண்ணீரில்
ஒரு பீன்ஸ் விதையைப் போட்டுவைத்தாள்.

பதினெட்டாம் நாள் காலை
சிவப்பு அசையவில்லை.
வரவில்லை என்று குறிக்கப் போனேன்.
தொப்பி தரையில் கிடந்தது.
பக்கத்தில் வெறுந்தலையோடு சபரிவாசன்.
தொப்பிக்குக் கீழே,
நட்ட இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி,
பச்சையாக ஒன்று.
"குளுருது அதுக்கு" என்றான்.
இந்த வருடம் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வருகிறார்.
மூன்றாவது கட்டத்தில்
எண்கள், ஒன்று முதல் இருபத்தெட்டு வரை
என்று எழுதியிருக்கிறேன்.
பொய் இல்லை.
கட்டத்தில் அவ்வளவுதான் இடம்.